டைப்பிஸ்ட் அக்காவுக்குப் பதிலாகப் பேசியவர்

முதியோர் இல்லத்தின் மாடி அறையில், ஜன்னலோரக் கட்டிலில் இருந்தவரை எல்லோரும் கண்டக்டரம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். ஓய்வு பெறும்வரை நகரப் பேருந்தில் டிக்கெட் கிழித்தவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கறாரான ஆள். சாப்பாட்டுக்கூடத்தில் யாராவது வரிசையைத் தாண்டித் தட்டை நீட்டினால், வீல்சேரில் இருப்பவரானாலும் சரி, "பின்னாடி போங்க" என்றுவிடுவார்.

கதவோரக் கட்டில் டைப்பிஸ்ட் அக்காவுடையது. நீதிமன்றத்தில் தட்டச்சு வேலை பார்த்தவர். மெல்லிய குரல். அவருடைய கணவர் மூக்கில் குழாயோடு, யாரையும் அடையாளம் தெரியாமல், வருஷக்கணக்கில் கிடந்து போனவர். அந்தக் குழாயில் பால் ஊற்றியது அக்காதான்.

அதனால் இல்லத்தில் சேர்ந்த கையோடு டாக்டரை வைத்து விருப்பப் பத்திரம் எழுதினார். பெரிதாக ஏதாவது வந்து தான் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடக்கூடாது. குழாய் வேண்டாம், மூச்சுக்கு மெஷின் வேண்டாம். வலி தெரியாமல் பார்த்துக்கொண்டால் போதும். பேச முடியாமல் போனால் தனக்குப் பதிலாகப் பேச ஒருவரைக் குறிப்பிட வேண்டும். அதற்குக் கண்டக்டரம்மாவிடம் வந்து நின்றார்.

"உங்க பையன் இருக்காரே?"

"நல்லவன்தான். ஆனா அழுதுடுவான். அழுதா யார் என்ன சொன்னாலும் சரின்னுடுவான். நீங்க அழமாட்டீங்க."

"இது புகழ்ச்சியா, திட்டா?"

"ரெண்டும்தான்."

"சரி, போடுங்க என் பேரை. உங்க குறட்டைக்காவது ஒரு முடிவு வரட்டும்."

கையெழுத்துப் போட்டபோது அவர்கள் ஒரே அறையில் இருந்தவர்கள், அவ்வளவுதான். சிநேகம் அதற்கப்புறம் வந்தது. கண்டக்டரம்மாவுக்குக் கண் மங்கியது. அக்கா பேப்பர் படித்துக் காட்டினார், அச்சுப்பிழைகளைத் திட்டிக்கொண்டே. அக்காவுக்குத் தோளுக்கு மேல் கை தூக்க வரவில்லை. கண்டக்டரம்மா தலை வாரிவிட்டார். இருவரில் ஒருவர் குளிக்கப் போனால்கூட மற்றவருக்கு அறை வெறிச்சென்று இருந்தது.

ஒரு காலை அப்படித் தலை வாரிக்கொண்டிருந்தபோது அக்காவின் தலை பின்னால் சாய்ந்து கண்டக்டரம்மாவின் வயிற்றில் விழுந்தது. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது. கூப்பிட்டதும் நர்ஸ் ஓடி வந்தாள். நாடி பார்த்தாள், கண்ணில் டார்ச் அடித்தாள்.

"அம்மா, அக்கா எழுதிக் குடுத்திருக்காங்க. இங்கயே வச்சுப் பார்த்துக்கலாமா? நீங்கதான் சொல்லணும்."

"ஆம்புலன்ஸைக் கூப்பிடு."

"அம்மா, அவங்க எழுதினது..."

"கூப்பிடுன்னு சொல்றேன்ல."

அக்கா பிழைத்தார். திரும்பி வரும்போது மூக்கில் குழாய் இருந்தது. பேச்சு இல்லை. வலது பக்கம் முழுக்க விழுந்துவிட்டது. இடது கை மட்டும் குழாயைத் தேடித் தேடிப் பிடுங்கியது. அதனால் அந்தக் கைக்குக் கனமான துணியுறை மாட்டிக் கட்டில் கம்பியோடு கட்டினார்கள்.

மகன் வந்து கண்டக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களாலதான் ஆன்ட்டி அம்மா இன்னைக்கு இருக்காங்க." அவர் கையை உருவிக்கொண்டு குளியலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அக்காவின் முகம் எப்போதும் கதவுப் பக்கமே திரும்பியிருந்தது. மூளை அடிபட்டால் அப்படித்தான், அதில் கோபதாபம் எதுவும் இல்லை என்று நர்ஸ் சொன்னாள். கண்டக்டரம்மா நாற்காலியைக் கதவுப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்து பார்த்தார். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். அதற்கு நர்ஸிடம் காரணம் கேட்க அவருக்குத் துணிச்சல் வரவில்லை.

முதுகில் புண் வந்தது. ஆறியது, மறுபடி வந்தது. புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டும்போது அக்காவிடமிருந்து ஒரு சத்தம் வரும். முதலில் எழுந்து வெளியே போய்க்கொண்டிருந்த கண்டக்டரம்மா, பிறகு போகவில்லை. பக்கத்திலேயே நின்று முழுதாகக் கேட்டார்.

அப்புறம் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்தன. டாக்டர் மகனையும் வரவழைத்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போனா மெஷின்ல வைப்பாங்க. இந்தத் தடவை தாண்டினாலும் அடுத்தது வரும்."

"போகலாம் டாக்டர்," என்றான் மகன், அழுதுகொண்டே.

"வேண்டாம்," என்றார் கண்டக்டரம்மா.

"அன்னைக்கு நீங்கதானே ஆன்ட்டி அனுப்புனீங்க?"

"அன்னைக்கு எனக்காகச் சொன்னேன்ப்பா. உங்க அம்மா என்னை அதுக்கா எழுதி வச்சாங்க? இது அவங்க சொல்றது."

"எங்கம்மா சாகணும்கிறீங்க."

டாக்டர் பத்திரத்தை மகனிடம் கொடுத்தார். அவன் நெடுநேரம் படித்தான். "என்னமோ பண்ணுங்க," என்று சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய்விட்டான்.

குழாயை எடுத்தார்கள். மூச்சுத்திணறல் தெரியாமலிருக்க ஊசி போட்டார்கள். கையுறையைக் கழற்றியபோது உள்ளே விரல்கள் ஊறி வெளுத்து, நகம் வளர்ந்து உள்ளங்கையில் பதிந்திருந்தது. கண்டக்டரம்மாவுக்குப் பார்வை போதவில்லை. நர்ஸ் நகம் வெட்ட, அவர் கையைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் பகலில், சாப்பாட்டு மணி அடித்துக்கொண்டிருந்தபோது அக்கா போனார். மகன் எல்லாக் காரியங்களையும் முடித்துக்கொண்டு, கண்டக்டரம்மாவிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பினான்.

சில வாரங்கள் கழித்து மேனேஜர் கேட்டார்: "நீங்களும் எழுதிடலாமேம்மா? உங்களுக்காகப் பேச யாரைப் போடலாம்?"

கண்டக்டரம்மா யோசித்தார். கீழ்த்தளத்தில் ஒரு ஓய்வுபெற்ற சர்வேயர் இருந்தார். டிவி சத்தத்துக்காக அவரோடு பலமுறை மல்லுக்கு நின்றிருக்கிறார். அவரிடமே போய்க் கேட்டார்.

"நான் எதுக்கு?"

"உங்களுக்கு என்னைப் பிடிக்காதில்ல, அதுக்குத்தான்."

சர்வேயருக்கு மாடி அறையில் நடந்தது தெரியும்.

"போடறேன். ஆனா இனிமே என்கிட்ட வந்து பேச்சு வச்சுக்காதீங்க. பழகிட்டா என்னாலயும் முடியாது."

"சரி," என்றார் கண்டக்டரம்மா.

மறுநாள் மேனேஜர் அறையில் இருவரும் கையெழுத்துப் போட்டார்கள். சாப்பாட்டுக்கூடத்தில் இன்றும் வேறு வேறு மேஜையில்தான் உட்காருகிறார்கள்.