கபடின்னே எழுதுங்க, டாக்டர்

ஒரு வருஷமா தள்ளிப்போற என் முட்டி ஆபரேஷனுக்காக இன்னைக்கு மறுபடியும் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

இந்தத் தடவை புது டாக்டர். மாஸ்க்குக்கு மேல கண்ணு மட்டும் தெரிஞ்சது. “எப்படி அடிபட்டுச்சு?”ன்னு இந்தியில கேட்டார்.

“கபடி ஆடும்போது. லிகமென்ட் கிழிஞ்சிருச்சு.”

“விளையாட்டுல பட்ட அடியெல்லாம் லிஸ்ட்ல கடைசி. கொரோனா முடியட்டும். அதுவரைக்கும் மாடிப்படி ஏறாதீங்க.”

மூச்சுத் திணறுறவங்களுக்கு முன்னால என்னைப் படுக்க வைங்கன்னு நான் கேட்கல. ஆனா மாடிப்படிக்கு நான் எங்க போவேன்? தாராவியில எங்க வீடு மேல் ரூம். நெட்டுக்குத்தா ஒரு இரும்பு ஏணி, பிடிச்சுக்க ஒரு கயிறு, அவ்வளவுதான். அதைச் சொன்னேன்.

அப்பதான் நிமிர்ந்து பார்த்தார். நல்ல மனுஷன். குரலைத் தாழ்த்தி, “ஏணியில இருந்து விழுந்ததா எழுதிடவா? சீக்கிரம் கூப்பிடுவாங்க”ன்னார்.

ஒரு நிமிஷம் ஆசையாத்தான் இருந்தது.

ஆனா என் டீம்லயே இன்னும் ரெண்டு பொண்ணுங்க இதே லிஸ்ட்ல இருக்காங்க. நான் ஏணின்னு சொல்லி உள்ள போயிட்டா, அவங்க கபடின்னு சொல்லி வெளியவே நிக்கணும். எங்களுக்கு கபடி பொழுதுபோக்கு இல்ல. ஆடினாத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல வேலை.

“கபடின்னே எழுதுங்க, டாக்டர்”னேன்.

எழுதினார். லிஸ்ட்ல கடைசியிலதான்.

ஒத்தைக் கால்ல ஏணி ஏறி வந்துதான் இதை எழுதுறேன்.

உங்கள்ல யாருக்கெல்லாம் இப்படி ஒரு முட்டி காத்துக்கிட்டு இருக்கு? கீழ பேரைப் போடுங்க. ஏழு பேர் சேர்ந்தா ஒரு டீமே இறக்கிடலாம்.