கவிழ்த்து வைத்த போனில் ஓடிய பாட்டு

என் மனைவியை அவள் வேலை செய்யும் சலவைக்கூடத்தில் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்கள். அங்கே சம்பளம் வாங்கும் உண்மையான மேஸ்திரி ஒருவர் இருக்கிறார். அவரும் இவளை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார். விடுதிகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்து மடிப்பது இவள் வேலை. எங்காவது ஒரு சுருக்கம் கண்ணில் பட்டுவிட்டால் போதும், அந்த விரிப்பு மறுபடி இயந்திரத்துக்குள் போய்த்தான் வர வேண்டும். வீட்டிலும் இதே அதிகாரம்தான். நான் லிஃப்ட் பழுது பார்க்கிறவன். நாள் முழுக்க ஏறி இறங்கிவிட்டு வந்து அப்பாடா என்று உட்கார்ந்தால், சட்டையை ஏன் கோணலாக மாட்டினீர்கள் என்று பிடித்துக்கொள்வாள்.

அவளுக்கு ஒரே தம்பி. அம்மா போன பிறகு அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். பகலில் சரக்கு வேன் ஓட்டுகிறான். மற்ற நேரமெல்லாம் கீபோர்டும் பாட்டும்தான். தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, நண்பனின் கேமராவில் படமும் பிடித்து, ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றினான். அதைப் பார்த்தவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பையனுக்கு முகம் தொங்கிப்போயிற்று. எங்கள் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தவன், தட்டைப் பார்த்தபடியே சொன்னான்.

“யாரும் பார்க்கலன்னா விட்டுடறேன்க்கா. கீபோர்டை வித்துட்டு இன்னொரு ஷிப்டும் வண்டி ஓட்டப் போறேன்.”

“பார்க்க வைக்கிறேன்டா, சாப்பிடு,” என்றாள் இவள்.

இவள் ஒன்றை நினைத்துவிட்டால் ஒற்றைக் காலில் நிற்பாள், மற்றவர்களையும் நிற்க வைப்பாள். கல்லூரியில் படிக்கும் எங்கள் மகள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நிறைய தடவை ஓடினால்தான் அந்த இணையத் தளமே பாட்டை நாலு பேருக்குக் கொண்டுபோய்க் காட்டும் என்று சொல்லிவைத்தாள். அவ்வளவுதான், வீட்டிலிருந்த போன்களெல்லாம் பறிபோயின. அலமாரியில் கண்ணாடி உடைந்து கிடந்த டேப்லெட்டைக்கூட விட்டுவைக்கவில்லை. சலவைக்கூடத்தில் கூட வேலை செய்யும் பெண்களிடமும் ஆளுக்கு ஒரு போன் வசூல். எல்லாவற்றையும் மடிப்பு மேசையில், விரிப்பு அடுக்குகளுக்கு நடுவே வரிசையாக வைத்தாள். இரைச்சலாக இருக்கக் கூடாது என்று சத்தத்தை அணைத்தாள். வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது என்று போனைக் கவிழ்த்தாள். கூடத்தின் வைஃபையில் பாட்டு காலையிலிருந்து மாலை வரை திரும்பத் திரும்ப ஓடியது. ஒருநாள் லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட ஒரு மனிதர் என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்திருக்கிறார். என் போனோ விரிப்புக்கு அடியில் என் மச்சினனின் பாட்டை ஊமையாகப் பாடிக்கொண்டிருந்தது.

கடுப்பில், பாட்டு எப்படித்தான் இருக்கிறது என்று கேட்டேன்.

“ஓடுது,” என்றாள்.

எண்ணிக்கை ஏறியது. தம்பி மறுபடி சீட்டியடித்துக்கொண்டு வீட்டுக்கு வர ஆரம்பித்தான். அடுத்த பாட்டுக்கு இரண்டு வரி கிடைத்திருக்கிறது என்றுகூடச் சொன்னான். அவனைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வானேன்.

பிறகு ஒருநாள் எண்ணிக்கை தடாலென்று விழுந்தது. ஒரே இடத்திலிருந்து வந்த பார்வைகளையெல்லாம் அந்தத் தளம் கழித்துவிட்டது என்று மகள் படித்துச் சொன்னாள். மிச்சம் இருந்தது பழைய விரல்விட்டு எண்ணும் கணக்குதான். அன்று மாலை என் போனை மீட்கச் சலவைக்கூடத்துக்குப் போயிருந்தேன். மகளிடம் விஷயத்தைக் கறந்துவிட்ட தம்பி பின்வாசல் வழியாக உள்ளே வந்தான். மேசையிலிருந்த ஒரு போனை நிமிர்த்தினான். உள்ளே அவனே வாயசைத்துக்கொண்டிருந்தான். அடுத்ததை நிமிர்த்தினான், அதிலும் அவனே. கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை.

“இத்தனை போன்ல ஓடுச்சே, அதுல நீ எங்க வர்றேன்னு சொல்லுக்கா.”

“நானா? நான் எதுக்குடா அதுல வர்றேன்?”

“அப்ப நீயும் பார்க்கல.”

போனை அடுக்கின் மேல் வைத்துவிட்டு வெளியே போய்விட்டான்.

உண்மைதான். மகள் எண்ணிக்கையைப் பார்த்தாள், நான் சார்ஜரைப் பார்த்தேன், இவள் எந்த போன் நின்றுவிட்டது என்று பார்த்தாள். பாட்டை யாரும் முழுசாகப் பார்க்கவில்லை. என் மனைவி, வேலை நேரத்தில் நான் பார்த்தறியாத காரியம், தேய்க்கும் இயந்திரத்தை அணைத்தாள். கைக்கு அகப்பட்ட போனை எடுத்துக்கொண்டு விறுவிறுவென்று நடந்தாள். அது என் போன். நானும் பின்னால் ஓடினேன்.

வேன் கிளம்பப் போன நேரம். கதவைத் திறந்து அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். பின்னால் கீபோர்டு போர்வை சுற்றிக் கட்டிக் கிடந்தது. வாங்குகிறவன் காத்திருக்கிறான், இறங்கு என்றான் தம்பி. இவள் போனை அவனிடம் நீட்டினாள்.

“சத்தத்தைக் கூட்டு. முதல்லேர்ந்து போடு.”

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாட்டு நடுவில், சலவைக்கூடத்தின் ஆவி படிந்த கண்ணாடிக்கு அப்பால் இரண்டு கைகள் ஒரு வெள்ளை விரிப்பை உதறின. விரிப்பு மேலே எழுந்து இறங்கியது. அதற்குப் பின்னால் என் மனைவியின் முகம், வேலையில் இருக்கும்போது மட்டும் வரும் அந்த முகம். அவளுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்திருக்கிறான். குளிரும் வீட்டில் தன்னைப் போர்த்திவிட்ட கையைப் பற்றிப் பாடிக்கொண்டிருந்தான். இவளுக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டிவிட்டது.

“மறுபடி போடு,” என்றாள்.

இரண்டாவது தடவை கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை வாங்கி மூக்கருகே கொண்டுபோனாள். விரிப்பு எழும் இடத்தில் விரலால் நிறுத்தினாள்.

“இந்த ஓரத்தைப் பாரு. சுருக்கம் இருக்கு.”

தம்பி அவளையே பார்த்தான்.

“அடுத்த பாட்டுக்கு எடுக்கும்போது முன்னாடியே சொல்லுடா. நல்லாத் தேய்ச்சு வைக்கிறேன்.”

“அடுத்த பாட்டா?”

“பின்ன?”

அவன் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டான். சிரிப்பா அழுகையா என்று எனக்குத் தெரியவில்லை. இடப்பக்கம் திரும்ப விளக்குப் போட்டிருந்தவன் அதை அணைத்துவிட்டு, வலப்பக்கம் எங்கள் வீட்டுத் தெருவுக்கு வண்டியைத் திருப்பினான்.