நிறைகுடமும் இரும்பறையும்

எங்கள் தொழில், நாலு பக்கமும் உலோகம் அடித்த அறைக்குள் வானொலி அலைகளைப் பூட்டிவிட்டு, ஒரு பெரிய தகட்டுத் துடுப்பைச் சுழற்றி அவற்றைக் கலக்கி, உள்ளே வைத்த கருவி தாங்குமா என்று பார்ப்பது. அளவுகருவியையே பார்த்துக் கண் பூத்தவர்களுக்கு என் பாடு புரியும். இத்தாலியில் பலேர்மோ துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த அந்த ஆய்வுகூடம் வடக்கே போய்விட்டது. நான் இப்போது வியா மக்வேதா தெருவில் கைபேசி திருத்துகிறேன்.

சாட்சிக் கணக்கு

துடுப்பைச் சற்றே திருப்பினால் முந்தின அளவுதான் திரும்ப வரும். நன்றாகத் திருப்பினால்தான் புது அளவு. ஒரு சுற்றில் இப்படி ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நிலைகள் எத்தனை என்று எண்ணுவது என் வேலை. ஊரில் பத்திரிகை நிருபராக இருந்தவனுக்கு இது சட்டென்று பிடிபட்டது: ஒரே ஆளை இரண்டு தரம் கேட்டால் இரண்டு சாட்சி ஆகாது.

துப்புரவு வேலை செய்த வன்னிக்காரர் சிவமண்ணைக்கு இதை விளக்கினேன். துடைப்பத்தில் சாய்ந்தபடி கேட்டார்.

"அப்ப தம்பி, உந்தத் தகடு எத்தினை சுத்துச் சுத்தினாலும் கள்ளச் சாட்சியை நீ பிடிச்சுப்போடுவாய் எண்டு சொல்லு."

அவசரக்காரர்

பக்கத்துப் பேட்டை போர்கோ வெக்கியோவிலிருந்து ஒருவர் கப்பல் வானொலிப் பெட்டியைச் சோதிக்கக் கொண்டுவந்தார். துடுப்பு ஒவ்வொரு நிலையிலும் நின்று நின்று போவதை மதியம்வரை பார்த்திருந்தார்.

"என் மனைவி ஒரே பார்வையில் என் பொய்யைக் கண்டுபிடிப்பாள். கூட்டி வரட்டுமா?"

குறைந்த கணக்கு

அந்த வருடம் அறைக்கு மறுசோதனை. நிலைகள் போதாவிட்டால் அறையை மூடுவார்கள்; என் வேலை போகும், அதோடு இந்த நாட்டில் தங்குவதற்கான பெர்மெசோவும். முதல்நாள் சரியாக இருந்த கணக்கு சோதனை அன்று காலை குறைந்து நின்றது. கேபிளை மாற்றினோம், திருகுகளை இறுக்கினோம். அசையவில்லை. பொறியாளர் சின்யோரா கார்லா பேனையை மூடினார்.

கடைசியாக ஒருமுறை உள்ளே போய்த் துடுப்புக்குப் பின்னால் எட்டிப் பார்த்தேன். மூலையில் பெரிய பிளாஸ்டிக் குடம், நிறையத் தண்ணீர். வாயில் மாவிலைக்குப் பதில் எலுமிச்சை இலை, மேலே தேங்காய். தண்ணீர் அலைகளைக் குடித்துவிட, பக்கத்துப் பக்கத்து நிலைகளெல்லாம் ஒரே கதை சொல்லத் தொடங்கியிருந்தன. வாசலில் சிவமண்ணை முகம் வெளிறி நின்றார். "நல்ல காரியமெண்டு நிறைகுடம் வச்சனான், தம்பி. உன்ரை பெர்மெசோவுக்காக."

குடத்தை வெளியே தூக்கி வைத்துவிட்டு மறுபடி எண்ணினோம். கணக்குத் தேறியது. நடந்ததை முழுவதும் சொன்னேன். கார்லா தேங்காயை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பக் குடத்தின்மேல் வைத்தார்.

"அடுத்த வருடம் கதவுக்கு வெளியே வைக்கச் சொல்லுங்கள். வைக்காமல் மட்டும் விட வேண்டாம்."

சாட்சி எண்ணியே காலம் கழித்த எனக்கு, எனக்காக ஒருவர் நிறுத்திய சாட்சி அந்தப் பிளாஸ்டிக் குடம் ஒன்றுதான். அதையும் நானே தூக்கி வெளியே வைத்தேன்.