வாசலில் நின்ற ஆனைக்கற்றாழை

செடி விற்பது சுலபம். அதை வாங்கிப்போனவரைச் சமாளிப்பதுதான் நர்சரிக்காரியின் பாடு. கொண்டப்பநாயக்கன்பட்டியில் நர்சரி வைத்திருக்கிறேன். என்னைப் போலத் தொட்டி சுமப்பவர்களே, உங்களுக்கும் ஒரு செல்லமுத்து அண்ணன் வாய்த்திருப்பார்.

முழங்கால் உயரம்

ராசிபுரத்துக்குப் பக்கத்தில் கோழிப்பண்ணை வைத்திருப்பவர். புது வீட்டு வாசலுக்கு ஆனைக்கற்றாழை கேட்டார். முழங்கால் உயரத்தில் ஒன்றைக் கொடுத்து, சுற்றிலும் ஆறடி இடம் விடச் சொன்னேன். மனுஷன் கேட்டை ஒட்டியே நட்டுவிட்டார். நாலே வருஷத்தில் முள்மடல் வெளியே நீண்டு பால்காரர் சட்டையைக் கிழித்தது. அண்ணன் திட்டத்தான் போன் செய்கிறார் என்று பயந்தேன். “அம்மிணி, நாய் வளக்கற செலவு மிச்சமுங்க!”

கோழி எரு

காய்ந்து கிடந்தாலே சந்தோஷப்படுகிற செடி இது. பண்ணை நிறைய எரு வைத்திருப்பவருக்குக் கை சும்மா இருக்குமா? கூடை கூடையாகக் கொட்டி, தினமும் தண்ணீரும் விட்டிருக்கிறார். நான் போனபோது அடிமடலெல்லாம் கொழகொழவென்று அழுகிக் கிடந்தது. அறுத்தெறிந்து, எருவை வாரி, பிழைக்க வைத்தேன். “பட்டினி போடுங்கண்ணா!” என்று கத்தியும்விட்டேன். அவர் முகம் சுருங்கிப்போனது. “ஊட்டு வாசல்ல நிக்கறதப் பட்டினி போட மனசு வருமாங்க?”

பூத்தண்டு

பதினாலாம் வருஷம் நடுவிலிருந்து தண்டு கிளம்பி, மாடியைத் தாண்டி, லைட் கம்பம் மாதிரி நின்று பூத்தது. ஊரே போட்டோ எடுத்தது. பூ முடிந்ததும் மடல்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்து காய்ந்தன. அந்த நேரம் பார்த்து அவர் மகளுக்கு ஆத்தூரில் வரன் கூடிவந்தது. மாப்பிள்ளை வீட்டார் வரும் அன்று காலையில் கூப்பிட்டார். கடப்பாரையோடு ஓடினேன்.

“ஒருதடவை பூத்தா தாய்ச்செடி போயிரும்ணா, அதோட சுபாவம் அது” என்றேன்.

“மொதல்லயே சொல்லியிருக்கலாமில்ல அம்மிணி? செத்த செடி வாசல்ல நின்னா என் புள்ள கல்யாணம் என்னாவும்?” சொல்லாதது என் தப்புதான். வெட்கமாக இருந்தது.

பிடுங்குவதற்குள் கார் வந்துவிட்டது. மாப்பிள்ளையின் அம்மா இறங்கியதும் நேராகச் செடியைத்தான் பார்த்தார். மறைத்து என்ன பிரயோஜனம்? காய்ந்த மடலை ஒதுக்கிக் காட்டினேன். அடியைச் சுற்றிப் பச்சைப்பசேலென்று பதினெட்டுக் குட்டிகள். “தாய் பூத்து முடிச்சிருச்சுங்க. இதெல்லாம் அதோட பிள்ளைங்க.” அந்த அம்மா குனிந்து ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எங்க வீட்டுக்கு ரெண்டு வேணும். பொண்ணு வர்றப்ப கூடவே குடுத்தனுப்புங்க.”

இத்தனை வருஷ வியாபாரத்தில், செத்த செடியைக் காட்டி நான் முடித்து வைத்த ஒரே சம்பந்தம் இதுதான்.