பட்டியல் ஒட்டப்படாத பலகை

மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் நான் ஓர் அறிவிப்புப் பலகையின் முன்னால் நின்றேன். மலாக்கா நகரத்தில் நான் பகுதிநேரமாகக் கலைப் பட்டம் படிக்கும் கல்லூரியில், மாடிப்படிக்குப் பக்கத்தில் இருக்கிறது அது. முதல் ஞாயிறு காலை ஏழே முக்காலுக்கு அதில் இருந்தவை: வாடகைக்கு இரண்டு அறைகள், காணாமல் போன ஒரு சாம்பல் பூனை, விலைக்கு வந்த ஒரு மடிக்கணினி. இரண்டாம் ஞாயிறு பூனை கிடைத்துவிட்டது போலும், தாளை எடுத்திருந்தார்கள். மூன்றாம் ஞாயிறு இன்னோர் அறை சேர்ந்திருந்தது. நான் தேடிய தாள் மட்டும் வரவில்லை. இதையெல்லாம் குறித்து வைத்திருக்கிறேன். தேதி போட்டு எழுதாவிட்டால் எனக்கு அந்த நாள் நடந்ததாகவே தோன்றாது.

மூன்றாம் வாரம் காவலர் பக்கத்தில் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மலாய்க்காரர். "காக், சாரி பிலிக் கே?" என்றார். அக்கா, அறை தேடுகிறீர்களா என்று கேட்கிறார். இல்லை, காத்திருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்த மலாயில் சொன்னேன். யாருக்காகவோ காத்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, உள்ளே போய் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து பலகைக்கு எதிரே போட்டார். மறுக்க மனமில்லாமல் உட்கார்ந்தேன். மாணவர்கள் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

நான் காத்திருந்தது பட்டியலுக்காக. ஊரில் இருப்பவர்களுக்கு விளக்கவே வேண்டாம். நம் கல்லூரிகளில் ஒரு மாணவி முதல் நாள் உள்ளே நுழையும்போதே அவள் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், எதுவென்று முடிவாகியிருக்கும். விண்ணப்பிப்போம், மதிப்பெண் பார்ப்பார்கள், கம்பிவலை போட்ட பலகையில் பட்டியலை ஒட்டுவார்கள், எந்தத் தாளில் பெயர் இருக்கிறதோ அதுதான் மூன்று வருடம். இங்கே முதலாண்டு எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம் படித்துவிட்டு, அதன் பிறகே மேஜர். 'உங்கள் மேஜரைத் தேர்ந்தெடுங்கள்' என்று மின்னஞ்சலும் வந்திருந்தது. சேரும்போதே விருப்பப் பாடம் வரலாறு என்று எழுதிக் கொடுத்தாயிற்றே, இனி அவர்கள் மதிப்பெண் பார்த்துப் போடுவார்கள் என்று அதை மூடிவிட்டேன்.

இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு முன், ஓர் ஆனி மாதத்துத் திங்கட்கிழமை, கோவில்பட்டிப் பக்கத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் அப்படி ஒரு பலகையின் முன் அப்பாவோடு நின்றேன். நான் கேட்டிருந்தது வரலாறு. அந்தத் தாளில் 'ப. செண்பகவல்லி' இல்லை. மூன்று தாள் தள்ளி, பி.ஏ. கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் என்ற தலைப்பின் கீழ் இருந்தது. அப்படி ஒரு படிப்பு இருப்பதே அன்றுதான் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் போய்க் கேட்கலாமா என்றேன். "கேக்கக் கூடாதும்மா. குடுத்ததை வாங்கிக்கணும். சீட்டு கெடச்சதே பெருசு" என்றார் அப்பா. இரண்டாம் ஆண்டு பாதியில் கல்யாணம் ஆகி இங்கே மலாக்கா பக்கத்து மெர்லிமாவ் ஊருக்கு வந்துவிட்டேன். அந்தப் படிப்பை விட்டதில் எனக்கு ஒரு சொட்டு வருத்தமும் இல்லை.

கணவர் குணசேகரன் இங்கேயே பிறந்தவர், இந்த ஊர்க்காரர்களைப் போலப் பேச்சோடு ஒரு 'லா' சேர்ப்பார். அச்சுக்கடை வைத்திருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, கருமக்கிரியை அழைப்பு, தோட்டத்துக் கோயில்களின் திருவிழா நோட்டீஸ் எல்லாம் எங்களிடம்தான். பிழை திருத்துவது என் வேலை. தேதிக்கும் கிழமைக்கும் பொருந்துகிறதா, கிழமைக்கும் திதிக்கும் பொருந்துகிறதா என்று பார்ப்பேன். வந்த முதல் மாதத்திலிருந்தே ஒவ்வொரு நோட்டீஸிலும் ஒரு பிரதியைத் தேதி வரிசையில் கோப்பில் போட்டு வருகிறேன். அவற்றில் ஓர் அம்மன் கோயிலின் முகவரியைப் பாருங்கள். முதலில் தோட்டத்தின் பெயரும் பிரிவு எண்ணும் இருந்தன. பிறகு வெறும் சாலையின் பெயர். இப்போது ஒரு தாமான், அதாவது புதிய குடியிருப்பின் பெயர். முகவரி இரண்டு முறை மாறியிருக்கிறது. திருவிழா மட்டும் அதே பங்குனியில், அதே வெள்ளிக்கிழமையில். இது எப்படி நடந்தது, யார் பேசி முடிவு செய்தார்கள் என்று எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. அதை முறையாகக் கண்டுபிடித்து எழுத வேண்டும். அதற்குத்தான் வரலாறு.

ஞாயிற்றுக்கிழமை அலுவலகம் மூடியிருக்கும். ஆகவே அடுத்த செவ்வாய்க்கிழமை கடையை விட்டுவிட்டு மோட்டார் சைக்கிளில் போனேன். மாணவர் ஆலோசகர் முப்பது வயதுப் பெண், புவான் ரொஹானா; புவான் என்றால் திருமதி. பட்டியல் எப்போது போடுவீர்கள் என்று கேட்டேன். எந்தப் பட்டியல் என்றார். பிறகு என் பெயரைக் கணினியில் தட்டிப் பார்த்துத் திடுக்கிட்டார். "காக், நீங்கள் இன்னும் ஒன்றும் தேர்ந்தெடுக்கவே இல்லையே! வெள்ளிக்கிழமை நான்கு மணிதான் கடைசி. என்ன வேண்டும் உங்களுக்கு?"

என் வாயில் வந்ததை இங்கே மறைக்காமல் எழுதுகிறேன். "நீங்கள் பார்த்து எது கொடுத்தாலும் சரி, புவான்."

ஊரில் இதைச் சொல்லியிருந்தால், எதிரில் இருப்பவர் "பரவாயில்லை, சொல்லும்மா" என்று இன்னொரு தடவை கேட்டிருப்பார். புவான் ரொஹானா நிம்மதியாகச் சிரித்தார். வேலை பார்ப்பவர்களுக்கு வசதியானது, வகுப்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை, மூன்றே வருடம் என்று சொல்லிக்கொண்டே தட்டினார். அச்சாகி வந்த தாளில் 'தொடர்பியல்' என்று இருந்தது. அதற்கு மேல் என் பெயரும், இன்னாரின் மகள் என்று பொருள்படும் 'அனாக் பெரம்புவான்' என்ற சொற்களும், அப்பாவின் பெயரும். நான் நன்றி சொல்லி அதை வாங்கிக்கொண்டேன்.

செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே மோட்டாரில் திரும்பும்போது வண்டியை ஓரமாக நிறுத்தினேன். இந்தத் தடவை யாரும் எனக்குக் கொடுக்கவில்லை. கேட்டபோது நானே வாயை மூடிக்கொண்டேன். அங்கிருந்தே அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். மாற்றலாம், ஆனால் இனி பட்டம் முடியும்வரை எந்தப் பருவத்தில் எந்தப் பாடம் என்று முழுத் திட்டம் எழுதி வெள்ளிக்குள் கொண்டுவர வேண்டும் என்றார்கள்.

கடையில் மாட்டியிருந்த மாதக் காலண்டரின் பின்பக்கத்தில் திட்டம் போட்டேன். வரலாற்று ஆய்வுமுறை என்ற பாடம் இரண்டு வருடத்துக்கு ஒரு முறைதான், அடுத்த ஆண்டு இருக்கிறது. அதற்கு முன் பழைய மலாய் ஆவணங்களை வாசிக்கும் பாடம் ஒன்றை முடித்திருக்க வேண்டும். அதை வருகிற பருவத்திலேயே எடுக்காவிட்டால் ஆய்வுமுறை கைதவறும். கடைசி ஆண்டு ஆய்வேடும் இரண்டு ஆண்டு தள்ளிப்போகும். முதல் திட்டத்தில் இரண்டையும் ஒரே பருவத்தில் போட்டிருந்தேன், அடித்தேன். இரண்டாவதில் ஒரு மொழித்தாள் விட்டுப்போயிற்று. மூன்றாவது பொருந்தியது, நான்கு ஆண்டு. ஒரே சிக்கல், அந்த வாசிப்புப் பாடமும் ஆய்வுமுறையும் சனிக்கிழமை காலை.

"சனிக்கிழமையா?" என்றார் கணவர். "அன்னிக்குத்தானே ஆளுங்க எல்லாம் ப்ரூஃப் பாக்க வருவாங்க. நீ பேசாம அந்த தொடர்பியலே எடுத்துரு லா. ஈசி, சீக்கிரம் முடிஞ்சிரும்."

"முடிஞ்சு என்னங்க செய்ய? எனக்கு அது வேண்டாம்."

"தேதி தேதியா எழுதிக்கிட்டுத்தானே இருக்க. அதுக்கு எதுக்கு யூனிவர்சிட்டி?"

"எழுதத்தான் தெரியுது. ஏன் அப்படி நடந்துச்சுன்னு கேக்கத் தெரியல. அதைத்தான் படிக்கப் போறேன்."

அவர் காலண்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காலண்டர வேற கெடுத்துட்ட. சரி லா, போ. ஆனா ஆளுங்க திட்டுனா நீதான் பதில் சொல்லணும்."

அன்றே ஓர் அறிவிப்பை அச்சடித்துக் கடைவாசலில் ஒட்டினேன்: 'வியாழன் மாலை ஆறு மணிக்குப் பிறகு பிழைத்திருத்தம் ஏற்கப்படாது.' முதலில் வாசித்தவர் ஒரு கோயில் செயலாளர். "என்னம்மா இது, கடையா கோர்ட்டா?" என்றார். "கடைதான் அங்கிள், புதன்கிழமையே வந்துருங்க" என்றேன்.

வெள்ளிக்கிழமை இரண்டரை மணிக்குப் புவான் ரொஹானாவின் மேசையில் திட்டத்தை வைத்தேன். எட்டுப் பருவங்கள், பாடம், நாள், நேரம், முன் தகுதி. அவர் புருவத்தைச் சுருக்கினார். "எது கொடுத்தாலும் சரி என்றீர்களே, காக்?"

"அது மரியாதைக்குச் சொன்னது."

"இங்கே மரியாதைக்குச் சொன்னாலும் கணினி பதிந்துவிடும்" என்றார். கோபமில்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார். "ஆகட்டும், இப்போது சொல்லுங்கள். என்ன வேண்டும்?"

"வரலாறு. வரலாறுதான் வேண்டும்."

அந்த அம்மன் கோயிலின் மூன்று நோட்டீஸ்களையும் எடுத்துப் பரப்பினேன். தமிழ் அவருக்குத் தெரியாது. ஆனால் அடியில் மலாயிலும் முகவரி இருந்தது. விரலை வைத்து மூன்றையும் ஒப்பிட்டவர், கடைசியில் இருந்த தாமானின் பெயரில் நிறுத்தினார். "என் அக்கா வீடு அங்கேதான் இருக்கிறது. அங்கே முன்பு தோட்டமா?" என்றார். ஆம் என்றேன். பழைய மலாய் ஆவணம் கடினமாக இருக்கும் என்று மட்டும் எச்சரித்தார். கடினமாகத்தான் இருக்கட்டும் என்றேன். மூன்று மணி ஐந்து நிமிடத்துக்குக் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஊரிலிருந்து அப்பா தொலைபேசியில் பேசினார். மூன்று வாரமாக அவரும் காத்திருந்தார்.

"லிஸ்டு போட்டாச்சாம்மா?"

"ஆயிருச்சுப்பா. வரலாறு."

"அவங்களா குடுத்தாங்களா?"

"இல்லப்பா. கேட்டு வாங்குனேன்."

"கேட்டா குடுக்காங்களா அங்க?" என்றார். அந்தப் பழைய திங்கட்கிழமையை அவரும் மறக்கவில்லை என்று அப்போது தெரிந்தது.

இப்போது சனியும் போகிறேன், ஞாயிறும் போகிறேன். வகுப்பு இருப்பது மாடியில். திட்டத்தில் அடுத்தது என்ன என்று மனப்பாடமாகத் தெரியும். பலகையில் எனக்கு எதுவும் வராது என்பதும் தெரியும். இருந்தாலும் படியேறுமுன் கால் தானாக அங்கே நிற்கிறது. மேலே வருகைப் பதிவேட்டில் என்னைப் பரமசிவத்தின் மகள் என்று மலாயில் எழுதி வைத்திருக்கிறார்கள். கீழே, வாடகை அறைகளுக்கும் பூனைகளுக்கும் நடுவில், என் கண் இன்னும் 'ப. செண்பகவல்லி'யைத் தேடுகிறது. காவலர் அந்தச் சிவப்பு நாற்காலியை எடுக்கவே இல்லை.