முதல் பக்கம் போதும் என்றார்

அந்த எட்டு வரிகளை அழித்தவர் யார் என்பது எனக்கு அன்று காலையிலேயே தெரியும். தெரிந்தும் அரை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். மேலாளர் மேல் எனக்கு இருக்கும் கோபத்தைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். இதைச் சொல்லாமல் அதைச் சொன்னால் அது நியாயமில்லை.

தஞ்சாவூரில் ஒரு துணிக்கடைக்கு மேலே, இரண்டாவது மாடியில் எங்கள் அலுவலகம். ஏழு பேர். மேலாளர் சென்னையில் இருந்தார், திரையில்தான் வருவார். அறுவடை இயந்திரங்களை வாடகைக்கு விடும் ஒரு நிறுவனத்துக்கு நாங்கள் மென்பொருள் செய்துகொடுத்தோம். விவசாயி போனில் பதிவு செய்தால் டோக்கன் எண் வரும். முறை வந்ததும் வண்டி வயலுக்குப் போகும்.

அந்தப் பதிவுகளெல்லாம் கிளவுடில், இணையம்வழி வாடகைக்கு எடுத்த கணினிகளில், இருந்தன. ஒவ்வொரு ஒன்றியத்துக்கும் தனித்தனி ரிசோர்ஸ் குரூப் வைத்திருந்தோம். ஒரு வீட்டுச் சாமான்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டுவதுபோல, அந்த ஒன்றியத்தின் டேட்டாபேஸ், சர்வர் எல்லாம் ஒரே பெயரின் கீழ் கிடக்கும். எங்களிடம் என்னென்ன குரூப்புகள் இருக்கின்றன என்று கிளவுடைக் கேட்டுப் பட்டியல் வாங்கும் சின்ன நிரலை எழுதியது நான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. எந்தக் கணக்கின் குரூப்புகள் வேண்டும், யார் கேட்கிறார்கள் என்று ஒரு கோரிக்கையைக் கட்டி அனுப்ப வேண்டும். பதில் பட்டியலாக வரும். ஆனால் முழுதும் ஒரே தடவையில் வராது. ஒரு பக்கம் வரும். மேலும் இருந்தால் அடியில் அடுத்த பக்கத்துக்கான முகவரி இருக்கும். அந்த முகவரிக்கு இன்னொரு கோரிக்கை அனுப்ப வேண்டும், முகவரி வராமல் நிற்கும்வரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத்தான் அந்த எட்டு வரிகள்.

வாடிக்கையாளருக்கு டெமோ காட்டுவதற்கு முந்தைய நாள் மேலாளர் திரையில் வந்தார்.

"லிஸ்ட் வர்றதுக்கு ஏன் இவ்ளோ நேரம் ஆகுது?"

"எல்லாப் பக்கத்தையும் வாங்கிட்டுக் காட்டுது சார்."

"அவங்களுக்கு எல்லாப் பக்கமும் எதுக்கு? முதல் பக்கம் போதும். மத்ததை எடுத்துடுங்க."

"எடுத்தா லிஸ்ட் பாதியில நின்னுடும் சார். நின்னுருச்சுன்னு யாருக்கும் தெரியவும் தெரியாது. எரர் எதுவும் வராது."

"டெமோ முடிஞ்சதும் திரும்பப் போட்டுக்கலாம். நானே பார்த்துக்கறேன், விடுங்க."

அவரே எடுத்தார். டெமோ முடிந்தது, கைதட்டினார்கள். திரும்பப் போட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். திறந்து பார்க்க ஒரு நிமிடம் ஆகியிருக்காது. பார்க்கவில்லை.

எனக்குப் பக்கத்து மேசையில் இருந்தவள் என்னைவிட எட்டு வயது இளையவள். முத்துப்பேட்டைக்குப் போகும் வழியில் ஒரு கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவு நட்டும் கதிர் அறுத்தும் அவளைப் படிக்கவைத்தார்கள். இப்போது அவர்களே ஆறு மா, ஏறக்குறைய இரண்டு ஏக்கர், நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் செய்கிறார்கள். இரண்டு பஸ் மாறி வருவாள். எங்கள் ஏழு பேரில் அடுத்தவர் நிரலை உண்மையாகவே வாசித்துப் பார்க்கிறவள் அவள் ஒருத்திதான்.

மார்கழியில் மேலாளர் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார். பழைய பேக்கப் நகல்கள் இடத்தை அடைக்கின்றன, மூடிவிட்ட குரூப்புகளின் பேக்கப்புகளை அழித்துவிடு என்றார். எது மூடியது, எது இருக்கிறது என்பதைப் பட்டியலை வைத்துத் தெரிந்துகொள்ளச் சொன்னார். பட்டியலில் பெயர் இல்லையென்றால் அந்தக் குரூப்பே இல்லை என்று அர்த்தம்.

அவள் கேட்டாள். என் காதால் கேட்டேன்.

"சார், இந்த லிஸ்ட் முழுசா இருக்கா? கொஞ்சம் கம்மியாத் தெரியுது."

"டூல் குடுக்கறதுதான் லிஸ்ட். உங்க சந்தேகத்துக்கெல்லாம் ஒக்காந்து பதில் சொல்ல முடியாது. ரன் பண்ணுங்க."

நான் வேறு வேலையில் இருந்தேன். "என்ன கம்மி?" என்று திரும்பி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. அவள் ரன் செய்தாள். அவர் சொன்னபடி அதன்பிறகு ஒவ்வொரு இரவும் அது தானாகவே ஓடி, புதிதாக எடுத்த பேக்கப்புகளையும் அதே பட்டியலை வைத்து அழித்துக்கொண்டிருந்தது.

தை முடியும் நேரம், சம்பா அறுவடை மும்முரம். மழை வரும் என்று ரேடியோவிலும் போனிலும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அன்று காலை ஒரு அப்டேட் தப்பாகப் போய், எல்லா ஒன்றியங்களின் பதிவுகளும் சிதைந்தன. பரவாயில்லை, பேக்கப்பிலிருந்து எடுத்துவிடலாம் என்று உட்கார்ந்தோம். கும்பகோணம் வந்தது. மன்னார்குடி வந்தது. முத்துப்பேட்டை வந்தது. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. ஒரத்தநாடு இல்லை. பாபநாசம், பட்டுக்கோட்டை, பேராவூரணி இல்லை. தஞ்சாவூரும் திருவையாறும் இல்லை. பெயர்கள் ஆங்கில அகர வரிசையில் வருபவை. M எழுத்தோடு முதல் பக்கம் முடிந்திருந்தது. அதற்குப் பின்னால் உள்ள ஊர்களெல்லாம் இல்லாத ஊர்கள் என்று எங்கள் நிரல் முடிவு கட்டியிருந்தது.

நிரலைத் திறந்தேன். எட்டு வரிகளைக் காணோம். யார் எடுத்தது, எந்தத் தேதியில் எடுத்தது என்று மேலாளர் பெயரோடு பதிவாகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே எல்லோரையும் வீடியோ அழைப்பில் கூப்பிட்டார்கள். வாடிக்கையாளர் தரப்பில் நான்கு பேர், எங்கள் முதலாளி, மேலாளர், நாங்கள்.

"பேக்கப்பை அழிச்சது யாரு?" என்று மேலாளர் கேட்டார். அவருக்குத் தெரியாததுபோல.

அவள் உடனே மைக்கைத் திறந்தாள். "நான்தான் சார் ரன் பண்ணேன். ஆனா லிஸ்ட்..."

"அவ்ளோதான். நீங்கதான் ரன் பண்ணீங்க." பிறகு மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "சாரிங்க. இவங்களையெல்லாம் எங்கேருந்துதான் புடிச்சுட்டு வர்றாங்களோ. காலேஜ்ல சீட்டு எப்படி வாங்கினாங்க, டிகிரி எப்படி வந்துச்சுன்னு நமக்குத் தெரியாதா?"

அவர் எதைச் சொல்கிறார் என்று அந்த அழைப்பில் இருந்த எல்லோருக்கும் புரிந்தது. ஒருவர் லேசாகச் சிரித்தார். அவள் முகம் சிறிய சதுரத்துக்குள் அசையாமல் இருந்தது. என் விரல் மைக் பொத்தானின் மேல் இருந்தது. அழுத்தவில்லை. என் குடும்பத்துக்குத் தலைமுறையாக நிலம் இருக்கிறது. எனக்கு எப்படிச் சீட்டுக் கிடைத்தது என்று என்னை யாரும் கேட்டதில்லை. நான் படித்தது அப்பா பணம் கட்டி வாங்கிய இடத்தில்.

அழைப்பு முடிந்ததும் அவள் எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தாள். வந்து சொன்னது இதுதான்: "வண்டி ஓட்டறவங்க நம்பர் நம்மகிட்ட இருக்குல்லக்கா? அவங்க போன்ல விவசாயிங்க நம்பர் இருக்கும். அதை வாங்கி ஒவ்வொருத்தரா கேட்டுப் பதிவு பண்ணலாம்."

நாங்கள் ஏழு பேரும் போன் பேசத் தொடங்கினோம். பேராவூரணிப் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"தை பொறந்த மறுநாளே பதிஞ்சேம்மா. டோக்கன் வந்துச்சு. இப்ப வந்து எந்த ஊரு, எத்தனை மான்னு மறுபடி கேக்குறீங்க?"

"பதிவு அழிஞ்சு போச்சுங்கய்யா."

"அழிஞ்சு போச்சா? யாரு அழிச்சா?"

எத்தனை மா என்று மறுபடி கேட்டேன்.

"வயல்ல தண்ணி கெடக்கு, டயர் வண்டி எறங்காது. பெல்ட் வண்டிதான் வேணும்னு அப்பவே சொல்லியிருந்தேன். அதையாவது எழுதிக்கங்க. கடைமடைக்காரன்னா எல்லாத்துக்கும் கடைசிதானா?"

எழுதிக்கொண்டேன். அவர் யாரைக் கேட்டாரோ அந்த ஆள் சென்னையில் குளிர்சாதன அறையில் இருந்தார். இங்கே என் பக்கத்தில், அந்த ஆள் பழி போட்டவள் தொண்டை கட்டிப்போக அடுத்த எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள். அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. மதியம் சாப்பிடாமல் உட்கார்ந்து ஒரு மடல் எழுதினேன். எட்டு வரிகள் என்ன, அவற்றை எடுக்க வேண்டாம் என்று நான் சொன்னது, எடுத்தவர் யார், பட்டியல் முழுதா என்று அவள் கேட்டது, அதற்கு அவர் சொன்ன பதில். நிரலை யார், எப்போது மாற்றினார் என்று காட்டும் பதிவின் படத்தையும் இணைத்தேன். காலை அழைப்பில் இருந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன்.

பத்து நிமிடத்தில் அவர் போன் செய்தார்.

"எனக்குத் தனியா ஒரு போன் பண்ணியிருக்கலாமே. எல்லாருக்கும் அனுப்பணுமா?"

"காலையில அவளை எல்லார் முன்னாடியும்தானே சொன்னீங்க சார்?"

"அது ஏதோ டென்ஷன்ல வந்தது."

"அப்ப மன்னிப்பையும் எல்லார் முன்னாடியும் கேளுங்க."

போனை வைத்துவிட்டார். மன்னிப்புக் கேட்கவே இல்லை. முதலாளியிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. நடைமுறையில் ஒரு இடைவெளி இருந்ததாம், அது சரி செய்யப்படுமாம். அதில் ஆள் என்று யாரும் இல்லை. எட்டு வரிகளை நானே திரும்பப் போட்டேன். மழை வருவதற்கு முன் பாதிப் பதிவுகளுக்குத்தான் வண்டி அனுப்ப முடிந்தது. மீதிப் பேருடைய கதிர் சாய்ந்து தண்ணீரில் கிடந்தது. அந்தப் பேராவூரணிப் பெரியவருக்கு வண்டி போனதா என்று விசாரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மடல் அனுப்பிய அன்று மாலை பஸ் நிறுத்தம்வரை அவளோடு நடந்தேன். ஒரு நன்றியை எதிர்பார்த்தேன் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

"மெயிலைப் பார்த்தேன்க்கா" என்றாள். "எல்லாம் கரெக்டாத்தான் எழுதியிருந்தீங்க."

"ம்."

"அந்த மீட்டிங்லயே உங்களுக்கு இது தெரியுமா?"

"தெரியும்."

"அவன் பேசினது எனக்குப் புதுசு இல்லைக்கா. காலேஜ்லேருந்து கேட்டுட்டுத்தான் இருக்கேன். நீங்க பக்கத்துல ஒக்காந்துக்கிட்டுப் பேசாம இருந்தீங்க பாருங்க, அதுதான்." பஸ் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

பங்குனியில் அவள் வேலையை விட்டாள். பெங்களூர் நிறுவனம் ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள் என்று கேள்விப்பட்டேன். நானும் சில மாதங்களில் விலகினேன். மேலாளருக்கு இப்போது இன்னும் பெரிய பதவி. தொழில் இணையதளத்தில் குழுவை வழிநடத்துவது எப்படி என்று பாடம் எழுதுகிறார். அதற்குக் கீழே கைதட்டுகிறார்கள். வாசிக்கும்போதெல்லாம் உடம்பு எரிகிறது. அவளுக்கு இரண்டு முறை செய்தி அனுப்பினேன். பார்த்திருக்கிறாள். பதில் போடவில்லை. போட வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமையும் இல்லை.