தானே திருத்தும் வினாத்தாள்

எங்கள் பள்ளித் தாளாளருக்குத் திடீரென்று ஓர் ஆசை. பிள்ளைகள் விடையைத் தொட்டதும் கம்ப்யூட்டரே சரி, தவறு சொல்லிவிட வேண்டுமாம்.

"வெள்ளிக்கெழம பெத்தவங்கள வரச் சொல்லியிருக்கேன். உங்களால முடியலன்னா சொல்லுங்க. கம்ப்யூட்டர் படிச்ச ஆளு சங்கரன்கோவில்ல கெடைக்காமலா போவுது?" என்றார்.

நான் ஆறாம் வகுப்புக்கு அறிவியல் எடுப்பவள், அதுவும் தற்காலிகம். வீட்டில் சம்பாதிப்பது நான் ஒருத்திதான். இந்த வேலை போனால் எனக்குப் போக்கிடம் இல்லை.

வேர்டில் கேள்வித்தாள் அடிக்கத் தெரியும். அதைத் தானாகத் திருத்தவைக்கும் கட்டளைகள், மேக்ரோ என்பார்கள், அதை எழுத யாருக்குத் தெரியும்? யூடியூபைப் பார்த்துப் பார்த்து எழுதினேன். ஒரு புள்ளி விட்டுப்போனாலும் மஞ்சள் கோடு போட்டு நின்றுவிடும். அழுகையும் ஆத்திரமுமாக வந்தது. வியாழன் மத்தியானம் 'சரி' என்று ஒரு பெட்டி எழும்பியபோது கம்ப்யூட்டரைக் கும்பிட்டே விட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். பிள்ளைகள் பக்கத்தில் பார்த்து எழுதாமலிருக்க அ வரிசை, ஆ வரிசை என்று இரண்டு வினாத்தாள் போடுவது எங்கள் வழக்கம். பழகிய கை சும்மா இருக்குமா? ஒரு பிரதி எடுத்து, விடைகளின் இடத்தை மாற்றி வைத்தேன். எந்த இடத்து விடை சரி என்று மேக்ரோவிலும் மாற்றவேண்டும் என்பது தோன்றவே இல்லை.

வெள்ளிக்கிழமை பெற்றோர் சுற்றி நிற்க, குருவிகுளத்திலிருந்து வரும் பிள்ளை ஒருத்தியைத் தாளாளர் உட்கார வைத்தார். கெட்டிக்காரி. அவளுக்கு வாய்த்தது ஆ வரிசை. செடி உணவு தயாரிக்க எடுத்துக்கொள்ளும் வாயு எது? கார்பன் டை ஆக்சைடைத் தொட்டாள். 'தவறு' என்றது. ஆ வரிசைக்கு மேக்ரோவை மாற்றாமல் விட்டது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஆக்சிஜனைத் தொட்டாள். 'சரி' என்றது. எல்லாரும் கைதட்டினார்கள். தாளாளருக்கு வாயெல்லாம் பல். நான் பேசாமல் நின்றாலே போதும், வேலை தங்கிவிடும்.

"டீச்சர், அப்போ நீங்க சொல்லிக்குடுத்தது தப்பா?" என்று அவள் மெதுவாகக் கேட்டாள்.

"இல்ல மக்கா. நீ மொதல்ல தொட்டதுதான் சரி. மெஷினுக்குத்தான் நான் தப்பாச் சொல்லிக்குடுத்துட்டேன்."

கைதட்டல் நின்றது. தாளாளர் எல்லார் முன்னாலும் சொன்னார்: "திங்கக்கெழம வேற ஆளு வாராங்க. நீங்க வரவேண்டாம்."

அந்தப் பிள்ளை அதற்குள் அடுத்த கேள்வியைப் படித்துவிட்டு, எதையும் தொடாமல் என் முகத்தையே பார்த்தபடி காத்திருந்தாள்.